கிலோமீற்றரை வகுத்தால் விமான நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் பயணப் பக்கத்தில், கொழும்பிலிருந்து உலக நகரங்களுக்கான தூரத்தையும் விமான நேரத்தையும் காட்டும் அட்டவணை ஒன்று வெளியாகியிருந்தது. ரொறன்ரோவுக்கு 14,000 கிலோமீற்றர், பதினைந்தரை மணி நேரம். லண்டனுக்கு 8,700 கிலோமீற்றர், 9 மணி 40 நிமிடம். மெல்பேர்ணுக்கு 8,360 கிலோமீற்றர், 9 மணி 17 நிமிடம். தூரங்களைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. நேரங்கள்தான் ஒன்றுகூடச் சரியில்லை. அவை எப்படி வந்தன என்பதைக் கண்டுபிடிக்க நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிலோமீற்றரை எடுத்து 900 ஆல் வகுத்து, வந்ததை அப்படியே அச்சேற்றியிருக்கிறார்கள்.

திருகோணமலை மத்திய வீதியில் விமான டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். உங்கள் அட்டவணை வெட்டி எடுக்கப்பட்டு, மடிக்கப்பட்டு, கடவுச்சீட்டுக்குள் வைக்கப்பட்டு, என் மேசைக்கு வந்துகொண்டிருக்கிறது. கடனுக்கு விளம்பரத் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தபோதுகூட இத்தனை பேர் வந்ததில்லை.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாயார் வந்தார். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ போகிறார். முதல் விமானப் பயணம். நான் பதிவேட்டைப் பார்த்து, டுபாயில் மாறிப் போவதானால் வீட்டிலிருந்து மகளின் வாசல்வரை ஒன்றரை நாளளவு ஆகும் என்றேன். அவர் பத்திரிகைத் துண்டை மேசையில் விரித்து, “பிள்ளை, பேப்பரில் பதினைந்தரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, அந்த விமானத்தில் எனக்கு இடம் போடு” என்றார். அப்படி ஒரு விமானம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. கொமிசன் கூடுதலாகக் கிடைக்கும் டிக்கெட்டை நான் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற மருமகன் முகத்திலும் அதே எண்ணம்தான் தெரிந்தது. அச்சில் வந்த எண்ணுக்கும் கடைக்காரியின் வாய்ச்சொல்லுக்கும் இடையே போட்டி வந்தால் எது வெல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானச் சேவை கிடையாது. உங்கள் அட்டவணையில் முதலில் இருந்திருக்க வேண்டிய செய்தி அதுதான். அது ஓர் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

தூரத்தைச் சரியாகப் போட்டவரை மனமாரப் பாராட்டுகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவள் என்பதால், 14,000 என்ற எண்ணை நானும் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு விமான நிலையங்களின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால் போதும். கோள முக்கோணக் கணக்கு ஒன்றும், கோசைன் பெறுமானம் தரும் கைப்பேசி ஒன்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கட்டுநாயக்க ஏறத்தாழ 7 பாகை வடக்கு, 80 பாகை கிழக்கு. ரொறன்ரோ ஏறத்தாழ 44 பாகை வடக்கு, 80 பாகை மேற்கு. விடை 14,000 கிலோமீற்றருக்குச் சில கிலோமீற்றர் குறைவு. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி இல்லை.

அந்த வழி எங்கே போகிறது என்பதை உங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு படமாகப் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நீங்கள் போட்டதோ தட்டையான உலக வரைபடம். அதில் கொழும்பிலிருந்து இடப்பக்கமாக அரபிக் கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் கடல் என்று ரொறன்ரோவரை ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி வழியே எந்த விமானியும் போகமாட்டார். உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கட்டுநாயக்கவை விட்டதும் மேற்கே திரும்பாது. வடக்கிலிருந்து 18 பாகைதான் மேற்கே சாய்ந்து, ஏறக்குறைய நேர் வடக்காகவே கிளம்பும். இந்தியாவின் மேற்குப் பாதி, பாகிஸ்தான், சமர்கந்து இருக்கும் உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, நோர்வேயின் வடபகுதியில் உள்ள துரொம்சோ நகரத்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கும். ஏறக்குறைய 72 பாகை வடக்குவரை போய், கிறீன்லாந்தின் பனிக்கு மேலாகக் குறுக்கே வந்து, கியூபெக் வழியாக ரொறன்ரோவில் விழும். ஆபிரிக்கா அந்த நூலுக்குப் பக்கத்திலேயே வராது. என் கடையில் ஒரு பழைய பள்ளிக்கூட உருண்டை இருக்கிறது. ரொறன்ரோ டிக்கெட் எடுக்க வருகிறவர்களில் பொறுமை உள்ளவர்களுக்கு இதைக் காட்டுவது என் வழக்கம். கிறீன்லாந்து என்றதும் பெரும்பாலானோர் கேட்பது, கம்பளிச் சட்டை விமானத்துக்குள்ளேயே போட வேண்டுமா என்பதுதான்.

அடுத்த கணக்கு இன்னும் சுவையானது. டுபாய் வழியாகப் போவது பெரிய சுற்று என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் 3,290 கிலோமீற்றரளவு. டுபாயிலிருந்து ரொறன்ரோ 11,080 கிலோமீற்றரளவு. கூட்டினால் 14,370. நேர்வழியைவிட 370 கிலோமீற்றர்தான் கூடுதல். லண்டன் வழியாகப் போனாலும் ஏறக்குறைய 14,420 தான். பதினான்காயிரத்தில் நானூறு என்பது விமானத்துக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவான வேலை. ஆகவே தம்பலகாமத்துத் தாயாரின் நேரத்தைத் தின்பது தூரம் அன்று. டுபாய்க்கு நாலரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணி நேரமளவு. பறப்பது மட்டும் கிட்டத்தட்ட 19 மணி நேரம். இரண்டுக்கும் நடுவே விமான நிலையத்தில் இருக்கும் நேரம் மூன்று மணியாகவும் இருக்கலாம், பன்னிரண்டு மணியாகவும் இருக்கலாம். மலிவான டிக்கெட்டைக் கேட்டால் அந்த நடுத்துண்டுதான் நீளும். உங்கள் அட்டவணையில் அந்த நடுத்துண்டுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, நேரடி விமானமே விட்டாலும் பதினைந்தரை மணி நேரத்தில் போய்விடுமா? அதற்கும் உலகில் ஒப்பிட்டுப் பார்க்க விமானங்கள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்திலிருந்து லண்டனுக்கு 2018 மார்ச் மாதத்தில் நேரடிச் சேவை தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். உங்கள் முறைப்படி வகுத்தால் 16 மணி நேரம். உண்மையில் 17 மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்குப் போகும் விமானம்தான் இன்று உலகின் மிக நீண்ட வழக்கமான சேவை: 15,300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். வகுத்தால் 17 மணி நேரம். அட்டவணையில் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அந்த விமான நிறுவனங்களுக்கு வகுத்தல் தெரியாமல் இல்லை.

900 என்பது விமானம் மேலே ஏறி நிலைகொண்ட பிறகு காற்றுக்குள் ஓடும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை. அதற்கு முன், வாசலை விட்டு நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போவதும், அங்கே வரிசையில் நிற்பதும் இருக்கிறது. டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து மறுபடி நிற்கும்வரையான நேரம். லண்டன் ஹீத்ரோவில் இறங்க முன் வானத்தில் வட்டமடித்துக் காத்திருந்தவர்களைக் கேட்டால், ஊர் தெரிந்தும் இறங்க முடியாத அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் சொல்வார்கள்.

காற்று இன்னொன்று. நம்மைப் போல நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது அதிகம் தெரியாது. இரு அரைக்கோளங்களிலும் நடு அகலக்கோடுகளில், 10 கிலோமீற்றர் உயரமளவில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெருங்காற்று ஓயாமல் ஓடுகிறது. மணிக்கு 150, 200 கிலோமீற்றர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில், மேற்கே போகிறவனுக்கு முகத்தில். அதனால்தான் கொழும்பிலிருந்து லண்டன் போக நேரடி விமானம் 11 மணி நேரமளவு எடுக்கிறது. திரும்பி வரும்போது அதைவிடக் குறைகிறது. மெல்பேர்ணுக்கு இது தலைகீழ். போகும்போது விரைவு, வரும்போது மெதுவு. டுபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலும் திரும்பி வரும் பயணம் ஒரு மணி நேரம்வரை குறையும். 2020 பெப்ரவரியில் அத்திலாந்திக்கில் புயல் வீசியபோது நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 5,540 கிலோமீற்றர், உங்கள் முறைப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அதே தடத்தில் எதிர்த்திசையில் போகும் விமானங்கள் ஏழரை, எட்டு மணி நேரம் என்று இழுத்துக்கொண்டு போகும். ஒரே தூரத்துக்கு ஒரே நேரம் என்று அச்சடித்தால் இதில் எந்த எண்ணை அச்சடிப்பீர்கள்?

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம், சராசரி ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். கணக்கு ஒப்புக்கொள்ளாது. 8,000 கிலோமீற்றர் தூரம், மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் 800 வேகம், 10 மணி நேரம். பின்காற்றில் 1,000 வேகம், 8 மணி நேரம். மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் போய்வர 17 மணி 47 நிமிடம்தான். காற்று எடுத்ததை முழுவதும் திருப்பித் தருவதில்லை. இதை ஒரு மாணவனுக்குச் சொன்னேன். உடனே கொப்பியில் எழுதிக்கொண்டான். டிக்கெட் வாங்காமல் போனான் என்பது வேறு விடயம்.

காற்று இயற்கை என்றால், மூடப்பட்ட வான்வெளி மனிதர் செய்வது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி நேரமளவில் போனார்கள். 2022 இல் ரஷ்ய வான்வெளி அவர்களுக்கு மூடப்பட்டதும் அந்தப் பயணம் 13 மணி நேரமளவுக்கு நீண்டுவிட்டது. ஹெல்சிங்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. நான் மேலே சொன்ன ரொறன்ரோ நூல் பாகிஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் மேலாகத்தான் போகிறது என்பதைக் கவனியுங்கள். எந்த நாட்டு நிறுவனம் அந்தச் சேவையை விட்டாலும், அந்த நூலை அப்படியே பிடித்துப் போக அதற்கு அனுமதி கிடைக்குமா என்பது கிலோமீற்றருக்கு வெளியே உள்ள கேள்வி.

அலகு பற்றியும் ஒரு சொல். விமானிகள் கணக்கிடுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் நிறைந்த ஊரில் இது புதினம் இல்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பிய கைப்பேசிப் படத்தில் 7,560 என்று இருப்பதைக் காட்டி, பத்திரிகை பொய் சொல்கிறது என்று ஒருவர் வாதாடினார். அது கடல் மைல். இன்னொருவரின் கைப்பேசி 8,700 என்றது. அது தரை மைல். உங்கள் அட்டவணையில் லண்டனுக்குப் பக்கத்தில் அதே 8,700 கிலோமீற்றரில் இருந்ததால், லண்டனும் ரொறன்ரோவும் நமக்கு ஒரே தூரம் என்ற முடிவோடு அவர் வீடு போனார். என்னால் தடுக்க முடியவில்லை.

இதெல்லாம் ஒரு டிக்கெட் கடைக்காரிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நேரத்தை வைத்துத்தான் மனிதர்கள் பயணத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை வேளைக்கு மருந்தைக் கையில் வைத்திருப்பது என்று அந்த எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். மீதியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். பதினைந்தரை மணி நேரம் என்று நம்பி வந்தவர் முப்பது மணி நேரத்துக்கு மேல் வழியில் இருக்கப்போகிறார். முழங்கால் நோகும் ஒருவர் சக்கர நாற்காலி கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும், இடைத்தங்கல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மகளிடம் “நான் இத்தனை மணிக்கு வந்துவிடுவேன்” என்று சொல்லிவிட்டு, டுபாயில் தொலைபேசி வேலை செய்யாமல் இருக்கும் பத்து மணி நேரம் அந்தக் குடும்பம் படும் பாட்டை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அழைப்பு வருவது எனக்குத்தான்.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்கள் வருகிறார்கள். ஜித்தா நமக்கு ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். அவர்களுக்கு நேரம் என்பது வெறும் வசதி அன்று. யாத்திரை உடை அணிந்திருக்க வேண்டிய இஹ்ராம் எல்லையை விமானம் எப்போது கடக்கும் என்று தெரிய வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் மேற்கே பறந்தால், சூரியன் கூடவே வருவது போலிருக்கும். இங்கே ஊரில் நோன்பு திறந்து முடித்த பின்னும் விமானத்தின் சாளரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய மூத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். உங்கள் அட்டவணை தயாரித்தவரைவிட நன்றாகவே.

இந்து வீடுகளில் வேறு சிக்கல். ராகு காலம் பார்ப்பது வீட்டுப் படியிறங்கும் நேரத்துக்கா, விமானம் கிளம்பும் நேரத்துக்கா என்று கேட்பார்கள். விமானம் எங்கள் கையில் இல்லை, படி உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வேன் புறப்படும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்க்கும் பழக்கத்தையும் உங்கள் பக்கம் திருத்தியிருக்கலாம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம். காலை 10 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறி மாலை 4 மணிக்கு லண்டனில் இறங்குவதாக ஒரு டிக்கெட் சொன்னால், ஆறு மணி நேரத்தில் லண்டன் என்று மகிழ வேண்டாம். கோடையில் நாலரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும், பத்தரை. குளிர்காலத்தில் அதே டிக்கெட் என்றால் ஐந்தரையைக் கூட்ட வேண்டும், பதினொன்றரை. அவர்கள் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை திருப்புகிறார்கள், நாம் திருப்புவதில்லை. ரொறன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இதை ஒரு பத்தியில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். உங்கள் அட்டவணை கொழும்பில் தொடங்குகிறது. எங்கள் பயணம் அங்கே தொடங்குவதில்லை. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான்வழியே நேர்கோட்டில் 215 கிலோமீற்றரளவு. சாலையில் ஏறக்குறைய 250. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வேன் ஓடி, தேநீருக்கு ஓரிடத்தில் நின்று, போய்ச்சேர ஆறு மணி நேரம் பிடிக்கும். விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன் அங்கே நிற்க வேண்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை குறுக்கே நின்றால், அது நகரும்வரை ஓட்டுநர் விளக்கைத் தணித்துக் காத்திருப்பார். அதற்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக, டுபாய்க்குப் பறக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம், விமானத்தில் ஏறும் முன்னரே எங்களுக்குப் போய்விடுகிறது. இரவு ரயிலில் போகலாம் என்பவர்கள், அது கொழும்புக் கோட்டைக்குப் போவதையும், அங்கிருந்து மறுபடி வடக்கே கட்டுநாயக்கவுக்குத் திரும்பி வர வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

சென்னைப் பயணத்தை எடுத்துக்கொண்டால் வேடிக்கை முற்றும். திருகோணமலையிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை 640. தென்மேற்கே 250 கிலோமீற்றர் வேனில் ஓடி, சென்னையை இன்னும் தூரமாக்கிக்கொண்டு, பிறகு வடக்கே பறந்து போகிறோம். யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர்தான். 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு, சிலருக்கு அந்த வழியைச் சொல்கிறேன். ஆனால் பலாலிக்கும் சாலையில் நெடுந்தூரம் போக வேண்டும். ஐந்நூறு கிலோமீற்றர் அப்பால் உள்ள நகரத்துக்கு நாள் முழுவதும் செலவாகிறது.

இத்தனைக்கும் ஊர் எல்லையிலேயே சீனக்குடா ஓடுபாதை இருக்கிறது. 2,400 மீற்றரளவு நீளம். பலாலி திறந்தபோது இருந்த ஓடுபாதையைவிட ஆயிரம் மீற்றர் அதிகம். விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. சிறு விமானங்கள் வந்து போகின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம் அது. அதே ஆண்டு டச்சுக்காரரின் கற்றலினா பறக்கும் படகுகள், அதாவது நீரில் இறங்கும் விமானங்கள், இங்கேதான் நிலைகொண்டன. அதே வகைப் படகுகள் தெற்கே கொக்கலைக் குளத்திலிருந்து பேர்த் நகரத்துக்கு 1943 முதல் 1945 வரை இரகசியமாகப் பயணிகளையும் தபாலையும் கொண்டு போயின. 5,600 கிலோமீற்றரளவு, 27 முதல் 33 மணி நேரம். மூன்று பயணிகளுக்குத்தான் இடம். ஒரே பயணத்தில் இருமுறை சூரிய உதயம் பார்த்தார்கள் என்பதற்கு அவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. இடையில் இறங்காமல் வானில் இருந்த நேரத்தில் எந்தப் பயணிகள் சேவையும் இன்றுவரை அதை விஞ்சவில்லை. தூரத்தைப் பார்த்தாலோ, இன்றைய பேர்த்–லண்டன் பயணத்தில் பாதிகூட இல்லை. தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கட்டுப்படாதவை என்பதற்கு உங்கள் பயணப் பக்கத்துக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை, இலங்கைக்குள்ளேயே கிடக்கிறது.

சீனக்குடாவிலிருந்து ரொறன்ரோவுக்கு விமானம் விடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் கனவு காண்கிறவள் அல்லள். கட்டுநாயக்கவுக்கு, ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு எட்டும் கட்டணத்தில் ஒரு காலைச் சேவை, ஒரு மாலைச் சேவை. சென்னைக்கு வாரத்தில் சில நாட்கள் ஒரு சிறிய விமானம். இதைக் கேட்பவர்கள் பலர் இருக்கிறார்கள்; அதற்குத் தனிக் கடிதம் எழுதுவேன். இன்று கேட்பது உங்களிடம், உங்கள் கைக்கு எட்டுவதை.

அட்டவணையை மறுபடி வெளியிடுங்கள். பெருவட்டத் தூரம் இருக்கட்டும். அது சரியான எண். பக்கத்தில், நேரடிச் சேவை உண்டா இல்லையா என்று போடுங்கள். உண்டென்றால் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாக, விமான நிறுவனங்களின் கால அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுங்கள்; வகுக்க வேண்டாம். இல்லையென்றால் வழக்கமாக எங்கே மாற வேண்டியிருக்கும் என்பதையும், அங்கே காத்திருக்கும் நேரம் டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும் என்பதையும் எழுதுங்கள். கோடை, குளிர்கால நேர வித்தியாசம் இரண்டும் வேண்டும். கீழே ஒரு வரியில் திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், வவுனியா ஆகிய ஊர்களிலிருந்து கட்டுநாயக்கவுக்குச் சாலை நேரத்தையும் சேருங்கள். உங்கள் வாசகர்களில் பெரும்பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள்.

திருத்தம் என்றால் ஏழாம் பக்க மூலையில், இரங்கல் அறிவித்தல்களுக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இரண்டு வரி போடும் வழக்கம் பத்திரிகைகளுக்கு உண்டு. அது வேண்டாம். அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவில் வரட்டும். தம்பலகாமத்துத் தாயார் வெள்ளிக்கிழமை மருமகனோடு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய துண்டு இன்னும் அவருடைய கடவுச்சீட்டுக்குள்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வைக்க, வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இன்னொன்று வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் கடைக்காரி,
மத்திய வீதி, திருகோணமலை.